துளை இல்லாத டார்ச்

கடைக்காரர் கண்ணாடி மேசை நிறைய டார்ச்சுகளைப் பரப்பிவிட்டு, இனி உன் பாடு என்பதுபோல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தையல்காரிக்குத் தலை சுற்றியது. துணிக்கடையில் எத்தனை கட்டுப் பிரித்துப் போட்டாலும் எது சாயம் போகும், எது சுருங்கும் என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுகிறவள் அவள். இங்கே தொட்டுப் பார்த்து என்ன தெரியும்? எல்லாமே வழவழவென்று இருந்தன. எல்லாமே எரிந்தன. எல்லாவற்றின் அட்டையிலும் ஒரு மீன் படம் போட்டிருந்தது.

"தண்ணி புகாததுன்னு கேட்டீங்க. இங்க இருக்கறது எல்லாமே தண்ணி புகாததுதான்," என்றார் கடைக்காரர்.

"அப்ப விலை மட்டும் ஏன் ஒண்ணுக்கொண்ணு இவ்வளவு வித்தியாசம்?"

"புகாததுலயே வகை இருக்கும்மா. இதுல மழை பட்டா புகாது. இது வாளியில விழுந்தா புகாது, ஆனா உடனே எடுத்துடணும். இது கொஞ்ச நேரம் முங்கிக் கிடந்தாலும் தாங்கும். இதோ இது கடலுக்கு அடியில போறவங்க கொண்டு போறது."

"அப்ப அதையே குடுங்க."

"அதை வெளியில எரிய விட்டா சூடேறிடும். தண்ணிக்குள்ளயே இருந்தாத்தான் அது அடங்கி இருக்கும். உங்களுக்குத் தண்ணிக்குள்ளயா, வெளியிலயா?"

தையல்காரி யோசித்தாள். "எங்க வீட்டுக்காரர் பாதி உள்ள, பாதி வெளியே," என்றாள்.

அது பொய்யில்லை. அவர் ஓட்டுவது கயாக். காலை நீட்டி உட்கார்ந்தால் இடுப்போடு படகு முடிந்துவிடும். இடுப்பைச் சுற்றி ஒரு துணியை இழுத்து மாட்டி, உட்காரும் குழியை மூடிக்கொண்டு, இரண்டு பக்கமும் தட்டை வைத்த துடுப்பால் மாறி மாறித் தள்ளிக்கொண்டு போவார். பின்னாலேயே சுற்றுலா வந்தவர்கள் ஆளுக்கொரு படகில் வாத்துக் குஞ்சுகள் மாதிரி வருவார்கள். கடலுக்குள் இருக்கும் பாறையைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பத்திரமாகக் கரை சேர்ப்பது அவர் வேலை. அந்த இடுப்புத் துணிகளையும் மிதவைச் சட்டைகளையும் தைத்துக் கொடுப்பது இவள் வேலை. படகுக்கூடத்து முதலாளி ஒரே குடும்பத்துக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார்.

போன வாரம் அவர் இருட்டிய பிறகுதான் கரைக்கு வந்தார். பனிமூட்டம் இறங்கியதும் எதிர்ப்பக்கம் திரும்பிப் போய்விட்டாராம். கூட வந்தவர்கள் குளிரில் பல் கிட்டிப்போய் இறங்கினார்கள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அவர் பையிலிருந்து டார்ச்சை எடுத்து நீட்டினார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. "இது செத்துப்போச்சு. காம்பஸ் தெரியல, திசை தெரியல," என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்துப் பார்த்தால் உள்ளே சுருள்கம்பி இரண்டே நாளில் பச்சை பூத்துப்போயிருந்தது. தையல்காரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதனின் உயிரை இந்தக் கம்பியை நம்பியா விடுவது?

ஆகவேதான் இன்று தையலை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"இது அலுமினியம்மா. துருவே பிடிக்காது," என்று கடைக்காரர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"துரு பிடிக்காது. பொரிஞ்சு போகும். எங்க வீட்டுல உப்புத்தண்ணி வச்ச அலுமினியப் பாத்திரம் வெள்ளையாப் பூத்து அடியில ஓட்டையே விழுந்துடுச்சு."

"இதுக்கு மேல பூச்சு இருக்கு."

"படகுல உரசினா பூச்சு இருக்குமா?"

கடைக்காரர் அதைப் பேசாமல் பெட்டியில் வைத்து மூடினார். அடுத்து ரப்பர் பொத்தான் வைத்த ஒன்று வந்தது. அவள் பொத்தானை நகத்தால் நோண்டிப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"என்னம்மா அது?"

"கடல் தண்ணி. வரும்போது பிடிச்சுக்கிட்டு வந்தேன். குழாய்த் தண்ணில எல்லாந்தான் தாங்கும்."

கடைக்காரருக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் இதுவரை வாய்த்ததில்லை. ஆனாலும் வியாபாரம் என்று வந்த பிறகு என்ன செய்வது? ஒரு கண்ணாடிச் சாடியைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு டார்ச் தோற்றுப்போயின. ஒன்று குமிழி விட்டது. ஒன்று அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கடலில் நழுவினால் இது கரைக்குத் திரும்பாது என்று அவளே அதைத் தள்ளிவைத்தாள். கடைசியில் மஞ்சள் நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் டார்ச் ஒன்று சாடியில் மிதந்துகொண்டே எரிந்தது.

"இதுல பொத்தான் எங்க?"

"பொத்தானே கிடையாது. பொத்தான் இருந்தா துளை இருக்கும். துளை இருந்தா என்னைக்காவது ஒரு நாள் தண்ணி உள்ள போகும். இதுல வெளிய இருக்கற வளையத்துல ஒரு காந்தம் வச்சிருக்கான். வளையத்தைத் திருப்பினா உள்ள இருக்கறது தானா இழுபட்டு எரியும். உடம்புல துளையே இல்ல."

அன்றைக்குக் கேட்டதிலேயே இது ஒன்றுதான் அவளுக்குச் சட்டென்று புரிந்தது. இடுப்புத் துணி எங்கே ஒழுகும்? துணியில் ஒழுகாது, ஊசி போன துளையில்தான் ஒழுகும். அதற்காகவே தையல் மேல் பட்டை வைத்துச் சூடு காட்டி ஒட்டுகிறவள் அவள். துளையே இல்லாத டார்ச் என்றதும் மனது குளிர்ந்துபோனது. பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டில் முன்னறையில் கணவரின் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"பஸ் வந்துடுச்சா?" என்றார்.

"இல்ல அத்தான், இன்னும் வரல."

"வந்தா சொல்லு."

அண்ணன் பஸ் ஓட்டியவர். பல வருஷம் ஒரே தடத்தில் ஓட்டியவர், ஒரு நாள் மதியம் பயணிகளோடு பஸ்ஸைச் சம்பந்தமில்லாத தெருவுக்குள் திருப்பிவிட்டார். அன்று வழக்கமான வீதியில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பள்ளத்தைப் பார்த்துக் குழம்பிவிட்டார் என்று எல்லோரும் பள்ளத்தைத் திட்டினார்கள். வீட்டிலும் அதையே பேசிச் சமாதானம் ஆனார்கள். பள்ளத்தை மூடி ரோடு போட்ட பிறகும் அவர் வழி தவறியபோதுதான் டாக்டரிடம் போனார்கள். இப்போது வீட்டுக்குள்ளேயே குளியலறைக்கு வழி கேட்கிறார். அவரைக் குளிப்பாட்டுவதும் சாப்பிட வைப்பதும் தம்பிதான். அண்ணனுக்குத் துவட்டிவிடும்போது தன் கணவர் முகத்தில் ஒரு பயம் வந்து போவதை அவள் பார்த்திருக்கிறாள். என்ன என்று கேட்டதில்லை. கேட்டால் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளுமோ என்று அவளுக்கும் பயம்.

கணவர் வந்ததும் டார்ச்சைக் காட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இரும்பு ஏதாவது இருக்கா இதுல? காம்பஸ் பக்கத்துல இரும்பு ஆகாது."

"துளிகூட இல்ல. பூரா பிளாஸ்டிக்கு. துருப்பிடிக்க இடமே இல்ல," என்றாள். துருவைப் பற்றியே யோசித்து யோசித்து, இரும்பு என்றாலும் அவள் காதுக்குத் துரு என்றுதான் விழுந்தது. காந்தத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

அத்தோடு விட்டாளா? மிதவைச் சட்டைக்கு வாங்கிய பட்டையில் மிச்சம் இருந்ததை எடுத்து ஓர் உறை தைத்தாள். படகின் முன்தட்டில் திருகியிருக்கும் திசைகாட்டிக்கு இரண்டு விரற்கடை தள்ளி அந்த உறையை அவளே போய்க் கட்டிவிட்டு வந்தாள். கை நீட்டினால் டார்ச், திருப்பினால் திசைகாட்டி மேல் வெளிச்சம். "பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்ப்பா," என்று முதலாளி அவரைச் சீண்டினார். அவருக்கும் வாயெல்லாம் பல். கரைக்கு வந்ததும் டார்ச்சை உறையிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், நல்ல தண்ணீரில் அலசித் துணியில் காயப்போட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அதையும் அவர் ஒரு நாள் தவறாமல் செய்தார்.

வானம் வெளுத்திருந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. பாறை கண்ணுக்குத் தெரியும்போது திசைகாட்டியை யார் பார்க்கிறார்கள்? அடுத்த பனிமூட்டத்தில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனவர் நேரே ஆழ்கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த மீன்பிடிப் படகுக்காரர்கள் கத்திக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

முதலாளி படகைக் கரையில் வைத்துத் திசைகாட்டியைச் சோதித்தார். சரியாக இருந்தது. வீட்டில் காயும் டார்ச் எரிகிறதா என்று கேட்டார். எரிந்தது. அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதுதான் இவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"நானே தனியாப் போய்ப் பாக்கறேன்," என்று அடுத்த பனிமூட்டத்தில் கிளம்பினார். பாறைக்கு என்று போனவர், பாறையைக் காணாமல் பக்கத்துக் குடாவில் போய் ஒதுங்கினார். படகைத் தோளில் சுமந்துகொண்டு கரையோரமாகவே நடந்து வந்தார்.

"கொஞ்ச நாள் கரையில இருங்க. படகு கழுவற வேலை நிறைய இருக்கு," என்றார் முதலாளி. நல்ல மனிதர்தான். "அண்ணனைக் காட்டின டாக்டர் யாரு? அவரை ஒரு தடவ..."

வீட்டுக்கு வந்து அதை அவர் அப்படியே ஒப்பித்தார். தையல்காரி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"காம்பஸ்ல என்ன பாத்தீங்க?"

"பாத்த மாதிரிதான் போனேன். தெக்குன்னு காட்டுச்சு, தெக்கால போனேன்."

"அப்புறம் எப்படி?"

"அதான் தெரியல. காம்பஸும் சரியா இருக்கு, டார்ச்சும் சரியா இருக்கு. மிச்சம் நான் ஒருத்தன்தானே."

முன்னறையிலிருந்து அண்ணன், "பஸ் வந்துடுச்சா?" என்றார். அவர் மறுபடி கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் கணவரையே வேவு பார்த்தாள். சர்க்கரை டப்பா எங்கே என்று அவர் கேட்டால் கை வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அது அவள் இடம் மாற்றி வைத்த டப்பா, அவர் கேட்பது நியாயம் என்று பிறகுதான் உறைக்கும். ஒரு நாள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். எல்லோரும் செய்கிறதுதானே. ஆனால் எல்லோரும் செய்கிறது எது, அண்ணன் செய்தது எது என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. தையலில் கை ஓடவில்லை. இடுப்புத் துணி ஒன்றுக்கு உள்பக்கத்தை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். அப்போது ஒரு கணம், நமக்கும்தானோ என்றுகூடப் பயந்தாள்.

அப்படிப் பிரித்துக்கொண்டிருந்த காலையில்தான் அது நடந்தது. டார்ச்சுக்கு இப்போது வேலையில்லை. அலசிக் காயவைத்தது தையல் மேசை ஓரத்திலேயே கிடந்தது. குண்டூசி டப்பாவை இழுத்தவள் கை தவறிக் கவிழ்த்துவிட்டாள். பொறுக்கப்போனால், பாதி ஊசிகள் மேசையில் இல்லை. டார்ச்சின் வளையத்தைச் சுற்றிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். அவை மறுபடி போய் ஒட்டிக்கொண்டன. கை அப்படியே நின்றது. காந்தம். காந்தம் ஊசியை இழுக்கும் என்றால், திசைகாட்டிக்குள் இருப்பதும் ஒரு முள்தானே. அவள் செருப்பைக்கூடப் போடாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

படகுக்கூடத்தில் அவர் ஈரக் கையோடு நின்றார். முதலாளியும் வந்தார். "காம்பஸைப் பாருங்க," என்றாள். மூன்று தலைகளும் திசைகாட்டி மேல் கவிழ்ந்தன. அவள் டார்ச்சை உறைக்குள் செருகினாள். முள்ளோடு எண்ணெயில் மிதந்த, திசை எழுதிய வட்டத் தட்டு மெதுவாகத் திரும்பியது. வடக்கு என்று எழுதிய முனை போய்க் கிழக்கில் நின்றது. டார்ச்சை உருவினாள். தட்டு ஆடி ஆடிப் பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி செருகினாள். மறுபடி போனது.

"கரைக்கு வந்ததும் இதை எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிடறார். நாம சோதிக்கும்போது இது இங்க இல்ல," என்றாள். "நான்தான் கட்டினேன். இரும்பு இருக்கான்னு கேட்டார். இல்லன்னு நான்தான் சொன்னேன்."

முதலாளி அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அட மனுஷா. உன்னைப் போய் நான் டாக்டர்கிட்ட அனுப்பப் பாத்தேனே. நாளைக்குக் காலைல ஒரு குடும்பம் வருது, நீதான் கூட்டிட்டுப் போற."

அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. சந்தோஷத்தில் தையல்காரி அதைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள் வாய் ஓயவில்லை. கடைக்காரரை ஒரு பிடி பிடித்தாள். துளை இல்லை, துளை இல்லை என்று சொல்லி ஆளையே கவிழ்க்கப் பார்த்தானே என்றாள். நாளைக்கே போய் அவன் சாடியிலேயே அவன் டார்ச்சைப் போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். அவர் அண்ணனுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் தட்டைத் தொடவில்லை.

"ஏன் சாப்பிடல? அதான் எல்லாம் சரியாப் போச்சே."

"அந்தப் பழைய டார்ச்சு..." என்றார்.

"அதை அப்பவே குப்பையில போட்டாச்சு."

"அன்னிக்கு அது எரிஞ்சுது."

அவளுக்கு விளங்கவில்லை. "எரிஞ்சுதுன்னா?"

"நல்லா எரிஞ்சுது. வெளிச்சம் காம்பஸ் மேல விழுந்துது. எழுத்து தெரிஞ்சுது. வடக்குன்னு போட்டிருக்கு. வடக்குன்னா கரை எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. எழுத்தே படிக்காதவன் பேப்பரைப் பாக்கற மாதிரி அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. கூட வந்த பொண்ணு, அங்க ஏதோ வெளிச்சம் தெரியுதேன்னுச்சு. அதைப் பிடிச்சு வந்து சேர்ந்தேன்."

"டார்ச்சுல தண்ணி சொட்டுச்சே. நான் பாத்தேனே."

"கரைக்கு வந்ததும் நான்தான் மூடியைத் திறந்து தண்ணில முக்கினேன். என்ன ஆச்சுன்னு எல்லாரும் கேப்பாங்களே, கையில காட்ட ஏதாவது வேணுமே."

தையல்காரி அவரையே பார்த்தாள். செத்துப்போகாத டார்ச்சுக்காகத்தான் அவள் பாட்டிலில் கடல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். அதற்காகத்தான் உறை தைத்தாள். அந்த உறைதான் அவரை இன்னும் இரண்டு தடவை வழி தவற வைத்தது. அந்த இரண்டுக்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. எதற்கு முதலில் பதில் தேடினாளோ அதற்குத்தான் பதில் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் வந்தது. அவர் மேல்தான் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது நிலைக்கவில்லை.

"ஒரு தடவதானே," என்றாள். "களைப்பா இருந்திருக்கும். பனி வேற."

"இருக்கலாம்," என்றார் அவர். "அன்னிக்குப் பனி இருந்துது. நீ சொல்லும்போது அப்படித்தான் இருக்கும்னு எனக்கும் தோணுது. காலைலேர்ந்து அதையேதான் எனக்கு நானே சொல்லிப் பாத்துக்கறேன்."

அப்போது போன் அடித்தது. தையல்காரி எடுத்தாள். முதலாளியின் குரல் பழையபடி உற்சாகமாக இருந்தது.

"நாளைக்கு வர்ற குடும்பத்துல ரெண்டு குழந்தைங்களும் இருக்காங்களாம்மா. சின்ன மிதவைச் சட்டை ரெண்டு எடுத்து வைக்கணும். பனி இருக்கும்னு சொல்றாங்க, அவரைக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லுங்க."

சரிங்க என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், நாளைக்குக் காலையில் எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்துவிடும். இந்த மேசையில் கேட்டதை மேசையோடு விட்டுவிடலாம். அவளுக்கு அந்த ஆசை இருந்தது. நிறையவே இருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு எந்த அளவுச் சட்டை என்று கேட்கவேண்டும் என்றும் தோன்றியது. இரண்டில் எதுவும் வாயில் வரவில்லை.

அவர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"முதலாளி, நாளைக்கு வேற ஆளைப் போடுங்க. நான் கரையில இருக்கேன்."

"ஏன்ப்பா? அதான் டார்ச்சுதான்னு கண்ணால பாத்தோமே."

"ரெண்டு தடவ டார்ச்சுதாங்க. மொத தடவ நான்."

"என்னப்பா சொல்ற, எனக்குப் புரியலையே," என்று முதலாளி கேட்டது தையல்காரிக்கும் கேட்டது.

"எனக்கும்தாங்க புரியல," என்றார் அவர். "அதனாலதான் வரல."